கிட்டார் கழுத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை

அந்தக் கிட்டாரின் கழுத்துக்குப் பின்னால் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பிசுபிசுப்பு இருக்கிறது. மற்ற இடமெல்லாம் கண்ணாடி போட்டதுபோல அரக்குச் சிவப்பு. அந்த இடம் மட்டும் வெந்த தோலாகச் சுருங்கி, வெயில் நாளில் தொட்டால் கையோடு வருகிறது. எத்தனையோ வருடமாகியும் காயவில்லை.

என் தங்கை புருஷன் மெட்ராஸில் மோட்டார் கார்களுக்கு லாக்கர் பூச்சு அடிக்கிறவர். சனிக்கிழமை ரயிலேறித் திருத்தணிக்கு வந்துவிடுவார். கார்க்காரர் ஒருவர் வீட்டில் சீந்துவாரில்லாமல் கிடந்த கிட்டாரைக் கேட்டு வாங்கிவந்து, பழைய பூச்சைச் சுரண்டி, மிச்சம் பிடித்த லாக்கரை எட்டுத் தடவை அடித்தார். தொடாதே, தொடாதே என்று எங்களையெல்லாம் விரட்டிய மனிதர், காய்ந்ததா என்று தானே கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். கழுத்தின் பின்னால் ரேகை பதிந்துவிட்டது. நான் விடுவேனா? "இன்னா மாப்பிள்ளை, கையெழுத்தா?" என்றேன். "லாக்கர் காயறவரைக்கும் கை சும்மா இருக்கணும் மச்சான். நமக்கு அதான் வராது" என்று சிரித்தார். பிறகு மரத்தில் ஒரு தாங்கி செய்து, அதன் கவை சரியாக அந்த ரேகையை மறைக்கும்படி கிட்டாரைச் சாய்த்து வைத்தார். கவைக்குத் தன் பழைய வேட்டித் துணியைச் சுற்றினார்.

எனக்கு மலையடிவாரத்தில் வாடகை சைக்கிள் கடை. துணி எதற்கு, நல்ல ட்யூப் வெட்டித் தருகிறேன், மெத்தென்று இருக்கும் என்றேன். "வேணா மச்சான், துணியே போதும்" என்றார். எங்கள் குடும்பத்தில் முதல் தடவை நீட்டியதும் யாரும் எதையும் வாங்கிக்கொள்ளமாட்டார்கள். காப்பி டம்ளர்கூட மூன்றாவது தடவைதான் கை மாறும். யுத்த காலத்தில் ட்யூப் குதிரைக்கொம்பு. அதனால் கூச்சப்படுகிறார் என்றே எடுத்துக்கொண்டேன்.

பிறகு அவர் பட்டாளத்தில் லாரி ஓட்டப் போனார். பர்மா பக்கத்திலிருந்து நாலு கடிதம் வந்தது. ஐந்தாவதாக வந்தது சர்க்கார் கடிதம். காணவில்லை என்று இருந்தது. செத்தார் என்று இல்லை. திரும்பி வரவா, ஆத்துமா இளைப்பாறவா, எதற்கென்று ஜெபம் செய்யட்டும் என்று பாதிரியார் தங்கையைக் கேட்டார். "உங்களுக்குத் தெரிஞ்சதப் பண்ணுங்க ஐயா" என்றாள். அழவில்லை.

அந்த வருடம் ஆடிக் கிருத்திகை சமயத்தில், மாமியாருக்கு முடியவில்லை என்று சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் பள்ளிப்பட்டுக்குப் போனாள். வீட்டைக் கூட்டப் போன நான், கவையில் துணி நைந்து தொங்குவதைப் பார்த்தேன். நம்மால் ஆனது இதுவாவது என்று, கடையில் ஒளித்து வைத்திருந்த புது ட்யூபை வெட்டி இழுத்துச் சுற்றிவிட்டு, துணியை அடுப்பில் போட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்க அவள் திரும்பி வந்தாள். கிட்டாரைத் தூக்கினாள், வரவில்லை. இழுத்ததும் பிளாஸ்திரி உரிக்கிற சத்தம். ரப்பரில் சிவப்பு ஒட்டியிருந்தது, கழுத்தில் கறுப்பு. ரேகை இருந்த இடம் தெரியவில்லை. அவளுடைய கட்டைவிரல் கழுத்துக்குப் பின்னால் போயிற்று. பார்க்காமல், தேடாமல் போயிற்று. தினமும் போய்ப் பழகிய விரல் அது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"துணி எங்கண்ணே?"

"எரிச்சிட்டேம்மா."

"ஆங்" என்றாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு சுண்ணாம்பு கரைக்கப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை. கொஞ்ச நேரம் கழித்து வழக்கம்போலக் காப்பி நீட்டினாள். முதல் தடவையே வாங்கிக்கொண்டேன். ரப்பர் பட்டால் அந்த லாக்கர் இளகிவிடும் என்று பின்னால் ஒரு பெயின்டர் சொன்னார். மாப்பிள்ளை சொல்லவேண்டியதை ஒரே தடவையில் சொல்லிவிட்டிருந்தார்.

வெள்ளையடித்து முடிந்த அன்று கிட்டாரைக் கடைக்கே தூக்கி வந்தாள். "நீயே வெச்சிக்கண்ணே. அதுல இப்ப ஒண்ணுமில்ல." கோபமில்லை. அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரல்தான்.

தங்கையும் போய் வெகுகாலமாகிறது. கிட்டார் என் வீட்டுச் சுவரில் கயிற்றில் தொங்குகிறது. தூசு தட்டும்போது எப்படியும் கை பட்டுவிடுகிறது. நேற்றும் பட்டது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். அந்தப் பிசுபிசுப்பில் ஒரு கட்டைவிரல் ரேகை, வரிவரியாக, தெளிவாக இருந்தது. என்னுடையது.