நாகூர் கனி தோற்ற ஆட்டம்

நாகூர் கனி மதராஸ் ஆஸ்பத்திரியிலிருந்து கப்பலில் திரும்பி ஒரு வருஷம் ஆகியும் அந்தமானின் லாங் ஐலண்டில் அவரை யாரும் சும்மா விடவில்லை. அவருடைய மளிகைக்கடைக்கு வருகிறவர்கள் டப்பாக்களைத் தாங்களே இறக்கிக்கொண்டு, "பாய், ஆராம் கரோ, ஓய்வா இருங்க" என்று அவருக்கு நாற்காலியைக் காட்டினார்கள். குடலில் வந்த கட்டியை டாக்டர்கள் வெட்டி எடுத்து, வயிற்றின் இடப்பக்கம் ஒரு துவாரம் வைத்து, மலம் அதன் வழியே ரப்பர் பையில் சேரும்படி செய்திருந்தார்கள். ஊர் அதைத் தெரிந்துகொண்டு பரிதாபத்தைக் கொட்டித் தீர்த்தது. கனிக்கோ பரிதாபம் என்றாலே பற்றிக்கொண்டு வரும்.

விடியற்காலையில் துவாரத்தின் வழியே தண்ணீர் விட்டுக் குடலைக் கழுவிவிட்டால் பெரும்பாலும் அன்றைக்குக் கவலையில்லை. பை நழுவாமலிருக்க மனைவி ஷரீபா கித்தான் துணியில் அகலமாக ஒரு பெல்ட் தைத்துக் கொடுத்திருந்தாள். ஓடலாம், ஆடலாம் என்று டாக்டரும் சொல்லியாயிற்று. பிறகென்ன? குடியரசு தினத்தன்று மர மில் அணிக்கு எதிரான வாலிபால் ஆட்டத்தில், கடைவீதி அணியில் தன் பழைய இடத்தில் போய் நின்றுவிட்டார். மறுபடியும் தன்னை ஓர் ஆட்டக்காரனாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

முதல் செட் கடைவீதிக்குத்தான். ஆனால் ஜெயித்த விதம் இருக்கிறதே! மில் அணியின் உதயசூரியன் ஒரு காலத்தில் கனியின் மூக்கைக் குறிவைத்து அடித்தவன். இப்போது குழந்தைக்குச் சோறூட்டுவது போலப் பந்தை மெல்லத் தட்டிவிட்டான். கனிக்கு ரத்தம் கொதித்தது.

"டேய் உதயா! நான் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து ஒரு வருஷமாச்சு. நீதான் இன்னும் அங்கேயே நிக்கிறே. அடிடா!"

உதயசூரியனுக்குச் சுருக்கென்றது. "டீக் ஹை பாய், இந்தா வாங்கிக்கங்க!" என்று எம்பி ஓங்கி ஒரு அடி!

கனி பாய்ந்து பந்தை எடுத்து, வலப்பக்கமாக மணலில் விழுந்தார். ஓரத்தில் ஷரீபா எழுந்தே விட்டாள். கனி பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். இம்மி அசையவில்லை! கூட ஆடிய காதர் அதற்குள் பந்தை உயரத் தூக்கிக் கொடுக்க, கனி எழுந்து துள்ளி அடித்த அடியில் பந்து உதயசூரியனின் காலடியில் போய்ச் செத்தது. "ஷாபாஷ்!" என்று ஊரே கத்தியது.

அதன்பிறகுதான் ஆட்டம் ஆட்டமாக இருந்தது. மில்காரர்கள் தயவு தாட்சண்யம் பார்க்கவில்லை. மீதி இரண்டு செட்டிலும் கடைவீதியைப் பிழிந்து காயப்போட்டார்கள்.

ஷரீபா துண்டோடு ஓடி வந்தாள். "தோத்துட்டு எதுக்கு மச்சான் இப்படிச் சிரிக்கிறீங்க?"

"சிரிக்காம என்ன செய்ய? அவன் என்னைய நெசமாவே தோக்கடிச்சுட்டான் புள்ள!"