பிள்ளையாருக்கு முந்திய பானகம்

சர்க்கரை மாத்திரையை எப்படிச் சாப்பிட வேண்டும் என்பதில் என் மாமாவுக்குச் சொந்தமாக ஒரு சித்தாந்தம் இருந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்த அளவு சாதாரண நாட்களுக்கு. விசேஷ நாட்களுக்கு மாமாவே டாக்டர். கல்யாணச் சாப்பாடு என்றால் கூட ஒன்று, பாயசம் இரண்டு வகை என்றால் அதற்குத் தனியாக ஒரு பாதி. "வாற இனிப்பை வழியிலயே ஆள் வச்சு மறிச்சிரணும்ட்டி" என்று எனக்கு விளக்குவார். மத்திய அரசு அலுவலகத்தில் கோப்புகளை மறித்து வைப்பதே அவருடைய உத்தியோகம் என்று அப்பா சொல்வதுண்டு. அதே வேலையை மாத்திரைக்கும் கொடுத்திருந்தார்.

அவர் அம்மாவின் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. துவாரகாவில் எங்கள் ஃப்ளாட்டில் பால்கனியை ஒட்டிய அறை அவருடையது. டெல்லிக்கு வந்து எத்தனையோ காலமாகியும் பேச்சு மட்டும் திருநெல்வேலியை விட்டு நகரவில்லை. காய்கறிக்காரரிடம் அவர் இந்தியில் பேரம் பேசினால் அந்த இந்திக்கும் தாமிரபரணித் தண்ணி பட்டிருக்கும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மாமாவின் மேல் அம்மா என்னைக் காவல் வைத்திருந்தாள். செய்தித்தாளுக்குள் ஜிலேபி, தலையணைக்கடியில் பர்ஃபி, எதைக் கண்டாலும் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும். மாமாவும் லேசுப்பட்டவர் இல்லை. திடீரென்று நாற்காலியில் சாய்ந்து, "கண்ணு இருட்டிக்கிட்டு வருது. ஒரு லட்டு இருந்தா பொழச்சுக்கிடுவேன்" என்பார். சொன்ன கையோடு ஒரு கண்ணைச் சிமிட்டுவார். அந்தச் சிமிட்டலுக்காகவே பல லட்டுகளை நான் கண்டும் காணாமல் விட்டிருக்கிறேன். எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும்.

அந்த வருஷம் பிள்ளையார் சதுர்த்தி ஒரு புதன்கிழமை வந்தது. பூஜை முடியும்வரை வீட்டில் யாரும் சாப்பிடக் கூடாது. அப்பா விடிந்ததும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய்விட்டார். வாழை இலை, எருக்கம்பூ மாலை, களிமண் பிள்ளையார் எல்லாம் அங்கே வாங்கினால்தான் அம்மாவுக்குத் திருப்தி. அடுக்களையில் கொழுக்கட்டை வெந்துகொண்டிருந்தது. "மெட்ரோவில் ஏறிவிட்டேன்" என்று அப்பாவிடமிருந்து போன் வந்தது. மாமா தன் அறைக்குள் போய், தண்ணீர் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். கொழுக்கட்டையை வரவேற்க ஆள் அனுப்பியாயிற்று என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

அப்பா வீட்டுப் படியேறும்போது மணி பன்னிரண்டு. புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ராகு காலம். போனால் போகிறது, விளக்கை ஏற்றலாம் என்றார் அப்பா. தடுத்தவர் வேறு யாருமில்லை, மாமாதான். பஞ்சாங்க விஷயத்தில் அவர் மகா கண்டிப்பு.

"நல்ல நாளும் அதுவுமா ராகு காலத்துல ஆரம்பிக்கவா? ஒன்றரை ஆகட்டும் மாப்ள" என்றார்.

உள்ளே அனுப்பிய ஆட்களை அந்த நேரத்தில் அவர் மறந்தே போனார்.

அம்மா குளிக்கப் போனாள். அப்பா மாவிலை தேடிக் கீழே இறங்கினார். பிள்ளையாரையும் பிரசாதத்தையும் காவல் காக்கும் பொறுப்பு என்னுடையது. கொஞ்ச நேரத்தில் மாமா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும்போதே அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நான் ஏதோ கேட்டேன். "சும்மா இருக்க மாட்டியா" என்று சீறினார். அதுவரை என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசாதவர். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உடனே, "எம்மா, இனிப்பா எதாவது குடு" என்றார். நாக்கு குழறியது.

பழைய நாடகம்தான் என்று நினைத்தேன். கண் சிமிட்டுவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சிமிட்டவில்லை. அவர் கையைத் தொட்டேன், சில்லென்று நனைந்து நடுங்கியது. பயந்துபோனேன்.

கைக்கு எட்டிய இடத்தில் பிள்ளையாருக்கு வைத்த பானகச் செம்பு இருந்தது. சாமிக்குப் படைப்பதற்கு முன் முகர்ந்துகூடப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மாமாவுக்கு இனிப்புக் கூடாது என்பது இன்னொரு சட்டம். இரண்டையும் ஒரே செம்பில் மீறினேன். மாமா செம்பை இரண்டு கையாலும் பிடித்துப் பாதிக்கு மேல் குடித்தார். குறைந்த அளவுக்குக் குழாய்த் தண்ணீரை ஊற்றி, செம்பை இருந்த இடத்திலேயே வைத்தேன். கொஞ்ச நேரத்தில் மாமாவின் முகம் தெளிந்தது. என்னுடையதுதான் இருண்டு கிடந்தது.

ஒன்றரைக்குப் பூஜை நன்றாகவே நடந்தது. அம்மா எல்லோர் கையிலும் பானகம் ஊற்றினாள். தானும் ஒரு வாய் குடித்து நெற்றியைச் சுருக்கினாள்.

"என்ன இது, வெல்லமே போடாத மாதிரி இருக்கு?"

மாமா எழுந்து நின்றார்.

"பிள்ளையை ஒண்ணும் சொல்லாத. நாந்தான் குடிச்சேன். கையும் காலும் வெடவெடன்னு ஆயிட்டு."

"காலையில எத்தனை மாத்திரைண்ணே போட்டிய?"

மாமா இரண்டு விரலைக் காட்டினார். அம்மா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். வையப்போகிறாள் என்று நான் காத்திருந்தேன். அவள் அழுதாள். பிறகு முதல் வேலையாக அவருக்கு இலை போட்டுச் சோறு பரிமாறினாள்.

சாப்பிட்ட கையோடு டாக்டரிடம் போனோம். அந்தப் பஞ்சாபி டாக்டரம்மா ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு மாமாவை ஒரு பிடி பிடித்தார். "அங்கிள்ஜி, இது இஷ்டத்துக்கு வாயில் போட்டுக்கொள்ளும் சூரணம் இல்லை" என்று இந்தியில் தொடங்கினார். எழுதிக் கொடுத்ததற்கு மேல் ஒன்றுகூடக் கூடாது, மாத்திரை போட்டால் சாப்பாடு தள்ளிப்போகக் கூடாது, போனால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும், விரதம் என்றால் முதல் நாளே தன்னைக் கேட்க வேண்டும் என்றார். மாமா எல்லாவற்றுக்கும் "அச்சா, அச்சா" என்று தலையாட்டினார். வீடு திரும்பியதும் மாத்திரை டப்பா அம்மாவின் அலமாரிக்குப் போய்விட்டது. தட்டு வைத்த பிறகுதான் மாத்திரை வரும்.

மறுநாள் மாமா அலுவலகம் கிளம்பும்போது அவர் சட்டைப் பையில் மிட்டாய் தெரிந்தது. விட்ட நல்ல பெயரைப் பிடிக்க இதுதான் சமயம் என்று அடுக்களைக்கு ஓடினேன்.

"மம்மி, மாமா பாக்கெட்ல டாஃபி இருக்கு."

"தெரியும். நாந்தான் வச்சேன்" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு என்னை இழுத்து அணைத்து, மிச்சமிருந்த கொழுக்கட்டையை என் வாயில் வைத்தாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இந்த வீட்டில் சட்டம் எல்லாம் ஒரே நாளில் கெட்டுப்போய்விட்டது என்றுதான் தோன்றியது. கொழுக்கட்டையை மென்றுகொண்டே பிள்ளையாருக்கு முன்னால் போய்த் தோப்புக்கரணம் போட்டேன். அவருக்குத் தண்ணீரைப் படைக்க வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். மாமாவுக்குப் பானகம் கொடுத்ததற்கும் சேர்த்துத்தான் கேட்டேன்.