நாய்க்கடி ஊசியும் மேட்டூர் மீனும்

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம், பங்குனி மாதத்து மத்தியானம். சேலத்திலிருந்து திரும்பி வந்து, மலையடிவாரத்துக் காரவள்ளியில் கொல்லிமலை பஸ் ஏறினோம், நானும் என் மனைவியும். அவள் முன்னால் பெண்கள் சீட்டில். நான் பின்னால், மடியில் ஒரு அகல வாய் ஃபிளாஸ்க்கோடு. உள்ளே ஐஸ் கட்டி, அதற்கு நடுவே எவர்சில்வர் டப்பா, டப்பாவுக்குள் பஞ்சு சுற்றிய ஊசி மருந்து.

எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷமாகக் குழந்தை இல்லை. கருமுட்டையை வெளியே எடுத்து, கருவாக்கி, திரும்ப உள்ளே வைக்கிற சோதனைக் குழாய் வைத்தியத்துக்குச் சேலத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்ந்திருந்தோம். அதற்கு முன்னால் அவளுக்குத் தினமும் ஒரு ஊசி. மருந்து சூடானால் வீரியம் போய்விடும், உறையவும் கூடாது என்று நர்ஸம்மா குறிப்பாக என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். எதையும் கெடுத்து வைக்கிற முகம் என்று பார்த்ததும் தெரிந்திருக்கும். மலைமேல் வாழவந்தி நாட்டில் எங்கள் மளிகைக் கடையில் கலர் பாட்டில் வைக்கிற ஃப்ரிட்ஜ் இருக்கிறது. அதுவரை கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும்.

"இந்த ஒரு தடவைதானுங்க. இதுக்கு மேல என் உடம்பு தாங்காது" என்று பஸ் ஏறும்போதே அவள் சொல்லிவிட்டாள்.

மலையில் ஒரு ஆளுக்கும் விஷயம் தெரியாது. ஊரையே கிண்டலடிக்கிற வாய் எனக்கு. ஆனால் "விசேஷம் ஒண்ணும் இல்லீங்களா?" என்று யாராவது ஆரம்பித்தால், கடையின் பின்வாசல் வழியாக ஓடிவிடுவேன். அதனால், பக்கத்து சீட்டு அம்மா "ஏனுங்க, குழந்தையாட்டம் கட்டிப் புடிச்சிருக்கறீங்களே, என்னதுங்க அது?" என்று கேட்டதும் ஃபிளாஸ்க்கை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நாய்க்கடி ஊசிங்க."

"அய்யோ சாமி! யாரைக் கடிச்சுது?"

"என்னைத்தானுங்க."

"எங்கீங்க?"

"பின்னாலங்க."

"பின்னாலயா? உக்காந்துட்டு வாறீங்களே!"

அந்தம்மா எழுந்தே போய்விட்டார். அடுத்த வளைவுக்குள் பஸ் முழுக்கச் சேதி பரவியது. ஒரு பெரியவர் தண்ணீர் பாட்டிலை என் முகத்துக்கு நேரே ஆட்டி, "இதைப் பார்த்தா பயமாருக்குதா கண்ணு?" என்றார். பயமில்லை என்று நிரூபிக்க மடக் மடக் என்று முழுப் பாட்டிலையும் குடித்தேன். முன் சீட்டிலிருந்து என் மனைவி திரும்பிப் பார்த்த பார்வைக்குத்தான் பயந்தேன்.

பாதி மலை ஏறியதும் பஸ் நின்றது. கீழே இறங்கிய குச்சிக்கிழங்கு லாரி ஒன்று வளைவில் திரும்ப முடியாமல் பின்சக்கரத்தைச் சாக்கடையில் விட்டிருந்தது. மூட்டைகள் சரிந்து, சைக்கிள் போகக்கூட வழியில்லை. கிழங்கை இறக்கினால்தான் லாரி நகரும், பொழுது சாய்ந்துவிடும் என்றார் டிரைவர்.

ஃபிளாஸ்க்கைத் திறந்தேன். ஐஸ் பாதி தண்ணீர். மூடினேன். மறுபடி திறந்தேன். "திறந்து திறந்து பார்த்தா உருகாம என்னுங்க பண்ணும்?" என்று என் மனைவி இறங்கி வந்து அதட்டினாள். சரி என்று நிழலுக்கு ஓடினேன்; நிழல் போதாதென்று ஃபிளாஸ்க்குக்கு என் சட்டையைக் கழற்றிச் சுற்றினேன். வெற்றுடம்போடு அதன் மேல் ஊதிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, வெறி தலைக்கேறிவிட்டது என்று ஜனம் பத்தடி தள்ளிப் போனது.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு டி.வி.எஸ். வண்டி வந்து நின்றது. சேந்தமங்கலத்து மீன்கார பாய். மேட்டூர் மீனை ஐஸ் பெட்டியில் கட்டி மலைக்குக் கொண்டு வந்து விற்பவர். பெட்டியைக் கண்டதும் ஓடினேன்.

"பாய், இந்த ஊசியை உங்க ஐஸ்ல வச்சுக்கறனுங்க!"

அவர் சரி என்று மூடியைத் தூக்கினார். கூட்டத்திலிருந்து ஒரே கூச்சல். "நாய்க்கடி ஊசியை மீன்ல வச்சா, அப்புறம் அதை நாங்க திங்கறதா?" பாய் மூடியை இறக்கிவிட்டார். "மன்னிச்சுக்குங்க. இவங்கதானுங்க என் வாடிக்கை."

உண்மையைச் சொன்னால் முடிந்தது. எனக்கோ அது முடியவில்லை. மூச்சுவிடாமல் பேசுகிற வாய், மீன் வாய் மாதிரி திறந்து திறந்து மூடுகிறது, சத்தம் வரவில்லை. என்னை விலக்கிக்கொண்டு அவள் முன்னால் வந்தாள்.

"நாயும் கடிக்கல, நரியும் கடிக்கலைங்க. எனக்குக் குழந்தை உண்டாகறதுக்குப் போடற ஊசி. சூடானா வீணாப் போயிரும். இதான் எங்களுக்குக் கடைசி."

எனக்குத் தரை பிளந்தால் தேவலை என்று இருந்தது. அப்புறம் பக்கத்து சீட்டு அம்மா என் முதுகில் பளாரென்று ஒன்று வைத்தார். "இதைச் சொல்றதுக்கா நாயை இழுத்தீங்க?"

அடுத்த நிமிஷம் அந்த வளைவு சந்தை ஆகிவிட்டது! ஐஸ் பெட்டி எங்களோடு வர வேண்டுமானால் மீன் காலியாக வேண்டும் என்று ஆளாளுக்கு வாங்கினார்கள். துண்டில் கட்டினார்கள், தேக்கு இலையில் சுற்றினார்கள், டிரைவர் தன் சாப்பாட்டுத் தூக்கைக் கழுவி நீட்டினார். பெரியவர் இரண்டு கெண்டை வாங்கிவிட்டு, தான் சைவம் என்று அப்புறம்தான் ஞாபகம் வந்து, பக்கத்திலிருந்தவருக்குக் கொடுத்தார். மீன் காலியான ஐஸ் பெட்டியில் எங்கள் டப்பாவைத் துண்டு சுற்றி வைத்து, பெட்டியையே என் கையில் கொடுத்தார் பாய்.

"அடுத்த நடைக்கு வாங்கிக்கறேன். முதல்ல சட்டையைப் போடுங்க, பார்க்கச் சகிக்கல."

லாரி நகர்ந்து, பஸ் முழுக்க மீன் நாற்றத்தோடு எங்கள் கடை வாசலில் வந்து நின்றது. ஊசி ஃப்ரிட்ஜுக்குள் போகிறவரை டிரைவர் வண்டியை எடுக்கவில்லை.

அதற்கப்புறம் பின்வாசலுக்கு வேலையில்லை. போகிற வருகிறவர்கள் எல்லாம் வாசலில் நின்று "இன்னைக்கு ஊசி போட்டாச்சுங்களா?" என்று கேட்டார்கள். சேலத்திலிருந்து போனில் நல்ல சேதி வந்த அன்று, நான் ரிசீவரை வைக்க மறந்து ரோட்டுக்கு ஓடினேன். பாயின் வண்டியை மறித்து, பேச வராமல் கையை ஆட்டினேன். அவர் புரிந்துகொண்டு, நடுரோட்டில் வண்டியைப் போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். தை மாதம் மகள் பிறந்தாள்.

ஒன்பது வருஷமாக இவர்கள் கேட்ட கேள்விக்குப் பயந்து ஒளிந்து திரிந்தேன். பதிலைச் சொன்ன பிறகுதான் தெரிந்தது, இத்தனை பேரும் எங்களோடு சேர்ந்து காத்திருக்கத் தயாராக இருந்தவர்கள் என்று.