யாக்கோப்பர் திருப்பிக் கொடுத்த வெள்ளைச் சுண்டெலிகள்

விரல்கள் கம்பியை முடிச்சுப் போட்டு இறுக்கின. பழைய சைக்கிள் பிறேக் கம்பியைப் பிரித்தெடுத்த இழைகள். முடிந்த ஒவ்வொரு கம்பிக் கண்ணுக்குள்ளும் அளவு பார்க்கும் பனஞ்சிலாகைத் துண்டொன்று நுழைந்து பார்த்தது. இறுக்கமாக நின்றால் சரி; கொஞ்சம் ஆடினாலும் முடிச்சு அவிழ்க்கப்பட்டது. அந்தச் சிலாகை ஒரு பென்சில் தடிப்புக்கூட இல்லை. பழைய எலிக்கூட்டுக்கு வைத்த அளவில் பாதி.

கைகள் யாக்கோப்பருடையவை. முல்லைத்தீவுக் கரையில் வலை கட்டியவர். போரால் கடலுக்குப் போக வழியில்லாமல் போன பிறகு உருத்திரபுரத்துக்கு வந்து, பள்ளிக்கூடம் ஒன்றின் ஆய்வுகூடத்தில் உதவியாளராகச் சேர்ந்திருந்தார்.

1994 தை மாதம், விலங்கியல் படிப்பிக்கும் ஞானேஸ்வரி ரீச்சர் யாழ்ப்பாணம் போய், கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து திரும்பும்போது ஒரு பிஸ்கற் ரின்னில் இரண்டு வெள்ளைச் சுண்டெலிகளைக் கொண்டுவந்தா. உயர்தர வகுப்புக்குப் பரம்பரை இயல்புகளைக் கண்ணால் காட்டவேண்டும் என்பது அவவின் ஆசை. ஆண் ஒரு கிழமையில் செத்துப்போனது. தனித்த பெண்ணுக்கு யாக்கோப்பர் கம்பியால் கூடு கட்டினார்.

பங்குனியில் அது ஆறு குட்டிகள் போட்டது. மயிர் முளைத்தபோது ஆறும் மண்ணிறக் கபிலம்.

ரீச்சருக்கு முகம் சிவந்தது. யாக்கோப்பர் கூட்டுக் கதவைத் திறந்துவிட்டு மறந்திருக்கிறார், பக்கத்து நெற்களஞ்சியத்துச் சுண்டெலி உள்ளே போயிருக்கிறது என்று சொன்னா. குட்டிகள் பால் மறந்த கையோடு தாயும் செத்தது. அதிபருக்கு முறைப்பாடு எழுதித்தான் ஆகவேண்டும் என்றா ரீச்சர்.

"நான் கதவைத் திறந்து விடேல்லை, ரீச்சர்."

"அப்ப அது சுவரால வந்ததோ?"

அந்தக் கேள்வி யாக்கோப்பரை உறங்கவிடவில்லை. அடுத்த நாள் குட்டிகளைப் பிஸ்கற் ரின்னுக்குள் மாற்றிவிட்டு, களஞ்சியத்தில் பொறிவைத்து ஒரு சுண்டெலியைப் பிடித்து, வெறுங்கூட்டுக்குள் விட்டுக் கதவைப் பூட்டினார். எலி ஒரு கணம் மணந்து பார்த்தது. பிறகு கம்பிக் கண்ணுக்குள்ளால் தலையை நீட்டி, சுவரே இல்லாததுபோல் வெளியே போய்விட்டது.

அவருக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வந்தன. திரளி மீனுக்கு வலை கட்டுகிறவன் திரளியின் தலையைப் பார்த்துத்தான் கண் வைப்பான்; சின்ன மீன் போனால் போகட்டும். அதே பழக்கத்தில் அவர் வெள்ளையின் கொழுத்த தலையை அளந்துதான் கூட்டைக் கட்டியிருந்தார். ஊர் எலியின் தலை அதைவிடச் சின்னது. உள்ளே இருப்பது வெளியே போகக்கூடாது என்று நினைத்தவருக்கு, வெளியே இருப்பது உள்ளே வரும் என்று தோன்றவில்லை.

ரீச்சரிடம் போய், பிழை கதவில் இல்லை, கூட்டுக்குத் தான் வைத்த கண்ணளவில்தான் என்று ஒப்புக்கொண்டார். பிறகு கேட்டார்: "கபிலக் குட்டியளுக்குள்ள வெள்ளை ஒளிச்சிருக்கெல்லே? மூண்டு வருசமா நீங்கள் பட்டாணிப் பூவில சொல்லுறதை நான் சுவருக்கு அங்கால நிண்டு கேக்கிறனான். சோதினைக்கு முன்னம் வெள்ளையைத் திருப்பித் தாறன்."

ரீச்சர் அவரை உற்றுப் பார்த்தா. வழியிருக்கிறது, ஆனால் நிச்சயமில்லை என்றா. ஆய்வுகூட வெள்ளை பெரும்பாலும் ஐரோப்பிய வீட்டுச் சுண்டெலியின் வழி. ஊர்ச் சுண்டெலி அதே இனத்தின் வேறொரு உப இனம். சில உப இனங்கள் கலந்தால் பிறக்கும் ஆண்கள் மலடாவதுண்டு என்று அவ வாசித்திருந்தா.

குட்டிகளில் ஆண் இரண்டுதான்.

வளர்ந்ததும் யாக்கோப்பர் பனஞ்சிலாகையில் கோடிட்டு வாலை அளந்தார். களஞ்சியத்து எலிக்கு வால் உடம்பைவிட நீளம். வெள்ளைத் தாயின் வால் உடம்புக்குச் சற்றுக் குறைவென்று அவரது கொப்பியில் இருந்தது. குட்டிகளுக்கு இரண்டுக்கும் நடுவே: கலப்புத்தான். ஆறையும் அளந்துவிட்டு ரீச்சரைக் கூப்பிட ஓடினார். அவவும் சோக்குக் கையோடு ஓடிவந்தா.

முதல் ஆணோடு விட்ட பெண்கள் நாலு கிழமையாகியும் குட்டி போடவில்லை. அதை எடுத்துவிட்டு மற்ற ஆணை விட்டார். காவலாளி முத்துலிங்கம் வாசலில் நின்று சிரித்தார்: "மீன் பிடிச்ச மனிசன் இப்ப எலிக்குக் கலியாணம் பேசுறார். சாதகம் பொருந்தேல்லையோ?"

"பொருந்தும், பொறும்."

ஆனி கடைசியில் ஒரு காலை, பஞ்சுக்குள் செந்நிறமாக ஒன்பது குட்டிகள் நெளிந்தன. மயிர் முளைக்கும்வரை காத்திருக்க யாக்கோப்பருக்குப் பொறுமை இல்லை. யன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். மூடிய இமைக்குள்ளால் கரும்புள்ளி தெரிந்தது. அடுத்ததிலும் தெரிந்தது. ஐந்தாவதில் புள்ளி இல்லை. எட்டாவதிலும் இல்லை. கரிய கண் இல்லையென்றால் மயிரும் வெள்ளைதான். வகுப்பு நடக்கிறது என்பதையும் மறந்து வாசலில் போய் நின்று இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். ரீச்சர் பாடத்தை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தா.

அன்று பின்னேரமே புதுக் கூட்டைக் கட்டத் தொடங்கினார். குட்டிகள் பால் மறக்கும் நாளில் கடைசி முடிச்சு விழுந்தது. சிலாகையை எல்லாக் கண்ணுக்கும் இன்னொருமுறை விட்டுப் பார்த்தார். வெள்ளைகள் இரண்டையும் உள்ளே விட்டு, கதவுக் கம்பியை முறுக்கி, ஒரு கடுதாசித் துண்டு எழுதிக் கட்டினார்: தாய் தகப்பன் கபிலம். குட்டி ஒன்பது. வெள்ளை ஆண் ஒன்று, பெண் ஒன்று.

ஞானேஸ்வரி ரீச்சர் துண்டை வாசித்தா. பிறகு தன் சுண்டுவிரலை ஒரு கண்ணுக்குள் நுழைத்துப் பார்த்தா. நகத்துக்கு அப்பால் போகவில்லை.

"தாங்கோ அண்ணை," என்று இரண்டு கையையும் நீட்டினா. யாக்கோப்பர் கூட்டைக் கொடுத்தார்.