ஆட்டுக் குழிக்குள் போட்ட கயிறு

இது எனக்கே நடந்தது. நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். அன்று குடித்த தேநீரை நினைத்தால் இன்றும் குமட்டுகிறது.

தென் ஆஸ்திரேலியாவில் மவுண்ட் கேம்பியர் பக்கம் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. நிலம் திடீரென்று உள்வாங்கிக் குழியாகிவிடும். விமானத்திலிருந்து எடுத்த படத்தில் அந்தக் குழிகளைத் தேடி, நேரில் போய் அளந்து, கணினி வரைபடத்தில் ஏற்றுவது என் வேலை. டெஸ் ஹார்ட்விக்கின் பண்ணையில், வீட்டுக்குப் பின்னாலேயே ஒன்று தெரிந்தது.

அவர் மகள் ஜோடி தேநீர் கொடுத்தாள். நிறைமாத வயிறு. கோப்பையில் ஆட்டு மொச்சை நாற்றம் அடித்தது.

"அந்தக் குழில என்ன இருக்கு, டெஸ்?"

"செத்த ஆடுங்கதான், மெர்ல். எங்கப்பா காலத்துலேர்ந்து அங்கதான் தள்ளுறோம். வேற எங்க போடச் சொல்ற, உன் வீட்டு வாசல்லயா?"

"உங்க கிணத்துக்கு அந்தத் தண்ணி வந்தா?"

"பாறை வடிகட்டிடும். இங்க யாராவது செத்துட்டோமா?"

வாயிலிருந்ததை விழுங்கித் தொலைத்தேன். ஜோடி இரண்டாவது கோப்பை ஊற்றிக்கொண்டாள். அவள் வயிற்றைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. என் வண்டியிலிருந்த பச்சைச் சாயப் பாட்டிலை எடுத்துக்கொண்டேன். குழித் தண்ணீரில் அதைக் கலந்தால், வீட்டுக் குழாய் உண்மையைச் சொல்லிவிடும்.

நல்ல மதிய வெயில். வண்டியைக் குழி ஓரம் நிறுத்தி, அதில் கயிற்றைக் கட்டினேன். எறியும் முன் "கயிறு" என்று கத்துவோம். கீழே இருப்பவர் "போடு" என்பார். அங்கே யாருமில்லைதான். பழக்கதோஷத்தில் கத்தினேன்.

"போடு..."

எதிரொலி என்று நினைத்தேன். எதிரொலி வேறு வார்த்தையா சொல்லும்? அந்த நாற்றத்தில் அது உறைக்கவில்லை.

பாதி தூரம் இறங்கினேன். கீழே ஊறி வெடித்த வயிறுகள். ரோமத்துக்குள் புழுக்கள். அந்தச் சத்தம்... நசநசவென்று...

கயிறு விறைத்தது.

இறங்குபவர் விழாதிருக்க, கீழே நிற்பவர் கயிற்றை இழுத்துப் பிடிப்பார். அப்படித்தான் கீழிருந்து ஏதோ இழுத்துப் பிடித்திருந்தது. பக்குவமாக.

பாட்டில் நழுவி விழுந்து உடைந்து, சாயம் ஆடுகளுக்கு இடையே தண்ணீருக்குள் இறங்கியது.

ஏறினேன். பிடி விடவில்லை...

மேலே வந்ததும் கயிற்றை அறுத்துவிட்டு ஓடினேன்.

மறுநாள் ஜோடியின் குழாயில் பச்சைத் தண்ணீர் வந்தது. டெஸ் குழாயை இறுக்கி மூடினார். குழியை அள்ள ஆட்கள் வந்தார்கள். அத்தனை ஆடுகளுக்கும் அடியில், தண்ணீருக்குள், ஒரு மனிதரின் எலும்புகள். இடுப்பில், கயிற்றில் இறங்குபவர்கள் கட்டும் வார். முப்பது வருடத்துக்கு முன் குழிகளை அளக்கத் தனியாக வந்து காணாமல் போனவராம்.

அவர் ஊறிய தண்ணீரைத்தான் நான் குடித்திருக்கிறேன். அதைக்கூட வாந்தியெடுத்துத் தீர்த்துவிட்டேன்.

ஆனால் நான் ஆடுகளின் மேல் எறிந்த கயிறு... அதன் நுனி, எல்லா ஆட்டுக்கும் அடியில், அவர் விரல் எலும்புகளில் சுற்றியிருந்தது.