கடல் எவ்வளவு தூரம் என்று கேட்டவர்

மெயின்லேண்ட் கப்பலிலிருந்து வெங்காயம் இறங்கிக்கொண்டிருந்தது. ஃபோர்க்லிஃப்ட்டில் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டிருந்த என்னை, ஷெட் வாசலில் நின்று கையைக் காட்டி நிறுத்தினார் கூட வேலைபார்க்கும் தாஸ். "முருகேசன், செபஸ்தி பாய் நஹீ ரஹா," என்றார். மூன்று வாரமாக ஆஸ்பத்திரியில் கிடந்தவர்தான். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன என்று டாக்டரும் சொல்லியிருந்தார். இருந்தாலும் ஒரு மனிதர் இல்லை என்பதை இந்தியில் கேட்டால் மனசுக்குள் இறங்க நேரமாகிறது. தூக்கிய மூட்டைகளைக் கீழே இறக்கிவிட்டுத்தான் கிளம்பினேன். அப்படியே விட்டுப் போயிருந்தால் முதலில் திட்டுவது செபஸ்தி அண்ணனாகத்தான் இருக்கும். "சாமான அந்தரத்துல விட்டுட்டுப் போறவன் மனுசனால?" என்பார்.

முப்பதாம் நாள் பூசைக்கு அச்சடிக்கும் மலரில் நான் எழுத வேண்டும் என்று குவார்ட்டர்ஸ்காரர்கள் சொன்னார்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சையை இரண்டு முறை எழுதிப் பார்த்தவன் நான். என்னைப் பிடித்ததற்குக் காரணம், கேட்டவர்களில் பலர் அதை ஒரு முறைகூட எழுதவில்லை என்பதுதான்.

துறைமுகப் பட்டறை மெக்கானிக் செபஸ்தியான் அண்ணனை இந்தத் தீவின் ஹேடோவில் தெரியாதவர்கள் இல்லை. கார் நிக்கோபாரில் மனைவியையும் பத்து வயது மகள் பிரின்சியையும் சுனாமி அலை கொண்டுபோன பிறகு, யாரோ கொடுத்த கைலியோடு விமானப்படை விமானத்தில் வந்து இறங்கியவர். அவருக்கு ஒதுக்கியது கீழ்வீடு. எனக்கு மூன்றாவது மாடி. மாற்றிக்கொள்ளலாமா என்று அவர்தான் கேட்டார். தண்ணீர்க் குடத்தோடு படியேறி அலுத்திருந்த நான், மனசு மாறிவிடப் போகிறாரே என்று அன்று மாலையே கட்டிலைக் கீழே இறக்கிவிட்டேன். பிறகு அவருக்கு முட்டி வீங்கியது. "திரும்ப மாத்திக்குவமாண்ணே?" என்று கேட்டேன். "வலி கெடக்கட்டும். உயரத்துக்கு வாடகை அதான்," என்றார். இதை நம்மில் பலர் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். நானும் சிரித்தேன்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றை எழுதத்தான் இந்தப் பக்கங்களை எடுத்துக்கொண்டேன்.

என் மகள் ரேவதி சென்னையில் சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படித்தபோது, அமெரிக்காவில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் ஒரு செமஸ்டர் படித்துவிட்டு வர அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு பல்கலைக்கழகங்களில் ஒன்றை அவள் சொல்ல வேண்டும். அப்பா சம்மதக் கடிதம் கொடுக்க வேண்டும். என் ஆங்கிலம் டெலிவரி சலானோடு நின்றுவிடும். அண்ணனைக் கூட்டிக்கொண்டு நெட் கடைக்குப் போனேன். ஒரு படம் முழுசாகத் தெரிவதற்குள் இரண்டு டீ முடிந்துவிடும் காலம் அது. நான் கட்டடங்களைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். அவர் வரைபடத்தை மட்டும் பார்த்தார்.

"இதுக்கும் கடலுக்கும் எவ்வளவு தூரம்?"

முதலாவது, நாட்டின் நடுவே, சோளக்காட்டுக்குள் இருந்தது. கடலைப் பார்க்க இரண்டு நாள் ரயிலில் போக வேண்டும் என்றார் கடைக்காரர். இரண்டாவது கடற்கரையிலேயே இருந்தது. அங்கே ஒரு நீளத் தொட்டியில் அலை உண்டாக்கி, அதில் படகுத்துறை மாதிரிகளை நிறுத்தி, தாங்குமா என்று பார்க்கிறார்கள். ரேவதி போக விரும்பியது அதற்காகத்தான். சோளக்காட்டில் படிக்கும் பாடங்களை இங்கே கணக்கில் எடுக்கமாட்டார்கள், திரும்பி வந்து அந்த செமஸ்டரை மறுபடி படிக்க வேண்டியிருக்கும் என்றும் சொல்லியிருந்தாள்.

"அலையை அவுகளே உண்டாக்குறாகளா?" என்று கேட்டார் அண்ணன்.

கடிதத்தை அவர்தான் எழுதினார். சோளக்காட்டின் பெயரை எழுதினார். எனக்குத் தெரியாது என்று இங்கே எழுதிவிடலாம், யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் தெரியும். ஒரு பெயரைப் படிக்குமளவு ஆங்கிலம் எனக்கு உண்டு. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

லீவுக்கு வந்திருந்த ரேவதி கடிதத்தைப் பிரித்துப் படித்தபோது அவரும் எங்கள் வீட்டில்தான் மீன்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"யாருப்பா இத எழுதுனது?"

நான் மீனில் முள் பார்க்க ஆரம்பித்தேன்.

"நாந்தாம்மா," என்றார் அவர். "அங்க பத்திரமா இருக்கும்."

"எனக்கு ஒரு செமஸ்டர் போயிருமே பெரியப்பா."

"செமஸ்டர் திரும்ப வரும்லா."

ரேவதி கடிதத்தை மடித்தாள். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலாம். மெதுவாகத்தான் சொன்னாள். "செத்துப்போனது பிரின்சி, பெரியப்பா. நான் இல்ல."

அவர் கைகழுவினார். "ஆமாம்மா," என்றார். படியேறிப் போகும் சத்தம் மூன்றாம் மாடி வரைக்கும் எங்களுக்குக் கேட்டது. என் மனைவி குழம்புச் சட்டியை மூடினாள். அன்று அதற்கு மேல் யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் அவர் புதுக் கடிதத்தோடு வந்தார். கடற்கரைப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தது. கடைசியில் ஒரு வரி கூடுதலாக. எழுத்துக்கூட்டி வாசித்தேன். என் மகள் கடலுக்கு அருகில் வசிப்பதில் எனக்கு ஆட்சேபணையும் இல்லை, அச்சமும் இல்லை என்று எழுதியிருந்தது.

"இவங்க இதெல்லாம் கேக்கலையேண்ணே. அச்சம் இல்லன்னு எழுதணுமா?"

"ஒனக்கு இருக்கா?"

யோசித்துப் பார்த்தேன். "இல்லண்ணே."

"பொறவு என்ன? ஒங் கடுதாசிதான. எனக்குன்னா எழுதிருக்கேன்? போடு கையெழுத்த."

போட்டேன்.

அவரிடம் சொல்லிக்கொள்ளாமலே ரேவதி சென்னைக் கப்பலேறினாள். அங்கிருந்து அமெரிக்கா. ஞாயிறுதோறும் போன் வரும். அவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். வெட்கம்தான் அது, கோபமில்லை என்று என் மனைவி சொன்னாள். எனக்கு அந்த வித்தியாசம் பிடிபடவில்லை. அதனால் என் பங்குக்கு ஒரு காரியம் செய்தேன். திங்கட்கிழமை பட்டறைக்குப் போய், "ரேவதி ஒங்க முட்டிவலி எப்படி இருக்குன்னு கேட்டாண்ணே," என்பேன். இன்னொரு வாரம், "பெரியப்பாகிட்ட உடம்பப் பாத்துக்கச் சொல்லுன்னு சொன்னா." அவர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொள்வார். எனக்கு இவ்வளவு நன்றாகக் கதைகட்ட வரும் என்று பள்ளிக்கூடத்திலேயே தெரிந்திருந்தால் தமிழிலாவது பாஸாகியிருப்பேன்.

அவரும் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தார். தினம் வேலை முடிந்ததும் நெட் கடைக்குப் போய், ரேவதி இருந்த கரையைத் தொடும் அந்தப் பெருங்கடலைச் சுற்றி எங்கெல்லாம் பூமி ஆடியது என்று பார்ப்பார். மறுநாள் காலை என் வண்டிப் பக்கம் வந்து, "நேத்து ரெண்டு. சின்னதுதான்," என்பார். தாஸும் மற்றவர்களும் அவரை 'வானிலை' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். "பூகம்பத்துக்கு எந்த வானிலடா அறிக்கை சொல்லுது?" என்று கேட்டுவிட்டுப் போவாரே தவிர, ஒரு நாள்கூடப் பார்க்காமல் இருந்ததில்லை.

பிறகு ஆஸ்பத்திரி. மாலையில் பார்வையாளர் நேரத்துக்குப் போவேன். கட்டிலில் கிடந்தபடி முதல் கேள்வி, "பாத்தியால?"

"பாத்தேண்ணே. ஒண்ணுமில்ல. எல்லாம் அமைதி."

நான் பார்க்கவில்லை. நெட் கடை ஒரு பக்கம், ஆஸ்பத்திரி ஒரு பக்கம். படம் வருவதற்குள் பார்வையாளர் நேரம் முடிந்துவிடும். தவிரவும், என்ன ஆகிவிடப் போகிறது என்றுதான் நினைத்தேன். மூன்று வாரமும் அதே பதில்தான் சொன்னேன்.

கடைசிக்கு முந்தைய நாள், எனக்கே தோன்றி, "ரேவதி ஒங்களக் கேட்டாண்ணே," என்று ஆரம்பித்தேன். கையை லேசாகத் தூக்கினார்.

"ஏல முருகேசு. அவ கேட்டான்னு நீ சொல்லுததெல்லாம் நீயே கேக்கதுன்னு மொத வாரமே தெரியும்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"அதுக்காக நிறுத்திராத," என்றார். "சொல்லு. என்ன கேட்டா?"

மகள் கேட்காததையெல்லாம் அன்றைக்கும் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

தூத்துக்குடியிலிருந்து அவர் தம்பி கிளம்பியும் டிக்கெட் கிடைக்கவில்லை. நாம்தான் அடக்கம் செய்தோம். அந்த ஞாயிறு ரேவதியிடம் சொன்னேன்.

"போன புதன்கிழமை இங்க எச்சரிக்கை வந்துச்சுப்பா," என்றாள். "கடலுக்கு அந்தப் பக்கம் பூகம்பம். ஹாஸ்டல்ல எல்லாரையும் மேட்டுக்கு ஏத்திட்டாங்க. கடைசில ஒண்ணும் ஆகல. நீங்க பயப்படுவீங்கன்னு சொல்லல. மேட்டுல நின்னுகிட்டு பெரியப்பாவுக்கு போன் பண்ணணும்னு நம்பர எடுத்தேன். என்ன பேசுறதுன்னு தெரியாம வச்சிட்டேன்."

பிறகு கேட்டாள். "என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாராப்பா?"

வாரக்கணக்கில் கதைகட்டிய வாய்க்கு அன்று ஒரு பொய்கூட வரவில்லை. "உன்னை மன்னிச்சிட்டேன்னோ இல்லன்னோ அவரு ஒண்ணும் சொல்லலம்மா," என்றேன். "நீ இருக்கற எடத்துல பூமி ஆடுச்சான்னு தினம் கேட்டாரு." அவள் அழுதாள். நானும் புதன்கிழமையை எண்ணிக்கொண்டு நின்றேன். அன்று மாலையும் எல்லாம் அமைதி என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தேன்.

அந்தப் பொய்யினால் அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார் என்று தாஸ் சொல்கிறார். இருக்கலாம். என் மகளுக்காகப் பயப்பட வேண்டியவன் நான். அச்சமில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு நான் சும்மா இருந்தேன். என் பங்கையும் சேர்த்து அவர் பயந்துகொண்டிருந்தார். அவருடைய ஸ்பானர் செட்டைப் பட்டறை எடுத்துக்கொண்டது. ஜெபமாலையை அவர் தம்பிக்கு அனுப்பிவிட்டோம். எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்தப் பயம் மட்டும்தான்.

ரேவதி திரும்ப இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. வேலை முடிந்ததும் நெட் கடைக்குப் போகிறேன். நேற்று மூன்று. சின்னதுதான்.