சூடு ஆறாத வண்டி

நான் கதை கட்டுகிற ஆள் இல்லை. கட்டத் தெரிந்திருந்தால் டிரைவர் வேலைக்கு வந்திருக்க மாட்டேன். 1938-ஆம் வருஷம், வைகாசி மாதக் கடைசியில், குற்றாலத்தில் எனக்கு நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

என் பெயர் பரமசிவன். திருநெல்வேலி வக்கீல் தில்லைநாயகம் பிள்ளைக்குக் குற்றாலத்தில் ஒரு பங்களா உண்டு. ஐந்தருவிக்குப் போகிற சாலையில் அதுதான் கடைசி வீடு. சீசன் இல்லாத மாதங்களில் அந்தப் பங்களாவுக்கும் ஷெட்டில் நின்ற காருக்கும் நான் ஒருவனே காவல். பக்கத்துப் பங்களாக்கள் எல்லாம் பூட்டிக் கிடக்கும். நானே பொங்கி நானே தின்பேன். குரங்குகளோடு சண்டை போட்டால்தான் அன்றைக்கு என் குரலே வெளியே வரும்.

எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். பெண்டாட்டி ஆவுடைத்தாய் சுந்தரபாண்டியபுரத்தில் அவள் அப்பா வீட்டில் இருந்தாள். ஷெட்டை ஒட்டிய அறையில் அவளைக் கொண்டுவந்து வைத்துக்கொள்ள ஐயாவிடம் மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவைதான் பதில் வந்தது.

“ஏலே, வண்டி ஐந்தருவி மேட்டுல முக்குது, இருமுது. வார வெள்ளிக்கிழமை நான் வாரேன். நிக்காம ஏறுச்சுன்னா உன் பொண்டாட்டியைக் கூட்டியாந்துக்கோ. ஏறலைன்னா வண்டியை வித்துருவேன். வண்டி இல்லாத வீட்டுக்கு டிரைவர் எதுக்கு?”

சொல்லிவிட்டு ரயிலேறிப் போய்விட்டார். என் வேலை, என் குடித்தனம் இரண்டும் அந்த மேட்டில் தொங்கின.

வண்டிக்குக் கோளாறு ஒன்றும் இல்லை, டியூனிங்தான் போயிருந்தது. டியூனிங் ஸ்பானர் வேலை என்று நினைக்கிறவர்கள் பாவம். அது காது வேலை. அதனால் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆள் தேடி அலைந்தேன். தென்காசி ஸ்டேஷன் பக்கத்தில் ஒருவர், நான் வாயைத் திறக்கும் முன்பே பானட்டைத் திறந்துவிட்டார். வேண்டாம் என்று வந்துவிட்டேன். செங்கோட்டையில் இன்னொருவர், எஞ்சினை ஸ்டார்ட் செய்து பார்க்காமலே கார்பரேட்டரை மாற்ற வேண்டும் என்றார். அவருக்கும் ஒரு கும்பிடு.

மூன்றாவது ஆள் துல்கர்னைன் பாய். தென்காசிக்குக் கிழக்கே ஓலைக் கொட்டகை. கொழும்பில் பதினாறு வருஷம் மோட்டார் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அவர் முதலில் கேள்வி கேட்டார். காலையில் முக்குகிறதா, சாயங்காலமா? புகை கறுப்பா, வெள்ளையா? மேட்டில் ஏறும்போது என் கால் எங்கே இருக்கும்? பிறகு ஒரு மூங்கில் குச்சியை எடுத்தார். ஒரு முனையை எஞ்சினில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். வைத்தியர் நாடி பிடிக்கிற மாதிரி இருந்தது. இவர்தான் நம்ம ஆள் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

“வண்டியை நல்லாக் கழுவி வை தம்பி” என்றார் பாய். “எண்ணெய்க் கசடு இருந்தா ஒழுக்கு எங்கனன்னு தெரியாது. ஆயிலை மாத்து. பிளக்கை மட்டும் தொடாத. அதுல இருக்க கரியைப் பாத்தாதான் வண்டியோட வயிறு எனக்குத் தெரியும்.”

“சரி பாய்.”

“முக்கியமா, ராத்திரி முழுக்க எஞ்சின் ஆறணும். வால்வு இடைவெளியைக் குளிர்ந்த எஞ்சின்லதான் அளக்கணும். செவ்வாக்கிழமை காலையில நாலரைக்கு நானே வாரேன். அந்நேரம்தான் ஒரு சத்தமும் இருக்காது.”

திங்கட்கிழமை முழுவதும் அதே வேலை. எஞ்சினை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன். ஆயில் மாற்றினேன். கோரைப்பாய், சாக்கு, டின் எல்லாவற்றையும் வண்டியிலிருந்து இறக்கினேன். ஆயில் மாற்றினால் மைல் மீட்டரைச் சுவரில் கரியால் எழுதி வைப்பது என் பழக்கம். எழுதினேன். 21,406. சாயங்காலம் ஆறு மணிக்கு ஷெட்டைப் பூட்டிவிட்டு, ஆவுடைத்தாய் வந்தால் அடுப்பை எந்த மூலையில் போடலாம் என்று யோசித்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

செவ்வாய்க்கிழமை காலை 4.30. பாய் சைக்கிளில் வந்தார். ஷெட்டைத் திறந்தேன். அவர் பானட்டின் மேல் கையை வைத்தார். சட்டென்று எடுத்தார்.

“ஓட்டுனியா?”

“இல்ல பாய்.”

“பின்ன என்ன, வண்டிக்குக் காய்ச்சலா?”

நானும் தொட்டுப் பார்த்தேன். அப்போதுதான் இறக்கி வைத்த சோற்றுப் பானை மாதிரி இருந்தது. எவ்வளவோ சத்தியம் செய்தேன். பாய் நம்பவில்லை. சூடான எஞ்சினில் கை வைக்க மாட்டேன், நாளை வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் போன பிறகு மீட்டரைப் பார்த்தேன். 21,424. பதினெட்டு மைல் கூடியிருந்தது. குச்சியை விட்டு பெட்ரோலை அளந்தேன். ஒரு விரல்கூடக் குறையவில்லை. சக்கரங்களில் ஈரச் செம்மண் அப்பியிருந்தது. குற்றாலத்தில் பத்து நாளாக மழையே இல்லை.

யாரோ கள்ளச்சாவி வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். அப்படி நினைக்கத்தான் எனக்குத் தைரியம் இருந்தது. புதுப் பூட்டு வாங்கினேன். அன்று ராத்திரி சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு, ஷெட் கதவுக்குக் குறுக்கே கட்டிலைப் போட்டுப் படுத்தேன். ஒரு சத்தமும் கேட்கவில்லை. என்னைத் தாண்டாமல் யாரும் உள்ளே போயிருக்க முடியாது.

புதன்கிழமை காலை 4.30.

பானட் சூடாக இருந்தது. மீட்டர் 21,442.

பாய் இந்தத் தடவை கோபப்படவில்லை. பானட்டைத் திறந்து, துணியைச் சுற்றிப் பிடித்து, டிஸ்டிரிபியூட்டர் மூடியைக் கழற்றினார். உள்ளே இருந்த சின்ன ரோட்டாரை உருவித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“இது இல்லாம எந்தக் கொம்பனாலயும் வண்டியைக் கிளப்ப முடியாது. நாளைக்கும் சூடா இருந்துச்சுன்னா, நான் வர மாட்டேன் தம்பி. வேற ஆளைப் பாத்துக்கோ.”

நாளை வியாழன். அதற்கு மறுநாள் வெள்ளி. எனக்கு வேறு ஆளும் இல்லை, வேறு நாளும் இல்லை.

அன்று ராத்திரி ஷெட்டுக்குள்ளேயே போனேன். உள்ளே இருந்து தாழ்ப்பாள் போட்டேன். அரிக்கேன் விளக்கைச் சிறிதாக்கி ஓர் ஓரத்தில் வைத்தேன். வண்டியின் பின்சீட்டில் ஏறிக் காலை மடக்கிப் படுத்தேன். ஐயா எனக்குக் கொடுத்திருந்த பழைய பாக்கெட் கடிகாரத்தில் மணி 9.15.

ராத்திரியில் அந்த இடத்தின் அமைதி சொன்னால் புரியாது. அருவியில் தண்ணீர் இல்லை. நாய் இல்லை. ஒரு வண்டிமாடு இல்லை. இந்த உலகத்தில் நான் மட்டும் மிச்சமானது போல் இருந்தது. ஆவுடைத்தாய் இப்போது தூங்கியிருப்பாளா என்று நினைத்தேன். அழுகை வந்தது. வெட்கமில்லாமல் கொஞ்ச நேரம் அழுதேன். பார்க்க யார் இருக்கிறார்கள்?

11.40. விளக்கு தானாக அணைந்தது. எண்ணெய் இருந்தது... குலுக்கிப் பார்த்துத்தான் வைத்திருந்தேன்.

எழுந்து ஏற்றலாம் என்று நினைத்தேன். இறங்கத் தைரியம் வரவில்லை.

12.20. இருட்டிலும் மின்னுகிற கடிகார முள்ளில் மணி பார்த்தேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இருட்டுதான்.

12.50.

க்ளிக்.

முன்கதவின் கைப்பிடி.

மூச்சை அடக்கிக்கொண்டேன். ஷெட் கதவு திறக்கவில்லை. தாழ்ப்பாள் அசையவில்லை. வண்டியின் கதவு மட்டும்... மெதுவாகத் திறந்து... மெதுவாகச் சாத்திக்கொண்டது.

கிறீ...ச்.

முன்சீட்டின் ஸ்பிரிங். யாரோ உட்கார்ந்தால் வருகிற சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். தினமும் நான் உட்கார்ந்தால் வருவது.

கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

கடக்... ஹேண்ட் பிரேக்கை விடுவித்தது.

பிறகு ஒரு குரல். ஆண் குரல். ரொம்ப மெதுவாக...

“ஏறியாச்சா?”

நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். இருந்திருக்க வேண்டும். ஆனால் அது சீசனில் நான் எத்தனையோ பேரைத் தினமும் கேட்கிற கேள்வி. என்னை யாரும் ஒரு தடவைகூட அப்படிக் கேட்டதில்லை. அந்தக் குரலில் அவ்வளவு பரிவு இருந்தது. பயத்திலும் எனக்கு நெஞ்சு இளகிவிட்டது.

“ம்...” என்றேன்.

அதற்குப் பிறகு எனக்கு நினைவில்லை.

தட். தட். தட்.

“தம்பி! ஏ தம்பி!”

பாயின் குரல். மணி 4.30. நான் பின்சீட்டில்தான் கிடந்தேன். தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. இறங்கிப் போய்த் திறந்தேன். பாய் நேராகப் பானட்டில் கையை வைத்தார். அவர் முகம் மலர்ந்தது.

“பச்சைத்தண்ணி மாதிரி இருக்கு. நீ உள்ள படுத்ததுதான் சரி.”

அவர் ரோட்டாரைப் போட்டார். மெல்லிய தகட்டை வால்வில் விட்டு அளந்தார். குச்சியைக் காதில் வைத்தார். ஒரு திருகைக் கால் சுற்று திருகி, மறுபடி அரைக்கால் சுற்று பின்னால் எடுத்தார். விடிவதற்குள் எஞ்சின் பூனை மாதிரி உறுமியது. அவர் கை கழுவப் போன நேரத்தில் நான் மீட்டரைப் பார்த்தேன்.

21,460.

நான் பாயிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் போய்விடுவார். வெள்ளிக்கிழமை போய்விடும். ஆவுடைத்தாய் வர மாட்டாள். அதனால் கரித்துண்டை எடுத்துச் சுவரில் இருந்த பழைய எண்ணை அழித்துவிட்டு, புதியதை எழுதி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஐயா வந்தார். வண்டி ஐந்தருவி மேட்டில் ஒரு முக்கல்கூட இல்லாமல் ஏறியது. “பரவாயில்லலே” என்றார். அவர் வாயில் அதுவே பெரிய பாராட்டு. ஞாயிற்றுக்கிழமை ஆவுடைத்தாய் ஒரு தகரப்பெட்டியும் இரண்டு பானையுமாக வந்து இறங்கினாள். அடுப்பை அவளே வேறு மூலையில் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒருநாளும் வண்டி ராத்திரியில் சூடாகவில்லை. நான் சந்தோஷமாக இருந்தேன். நிஜமாகவே இருந்தேன்.

பன்னிரண்டு நாள் கழிந்தது. ஐயாவின் விருந்தாளிகளை அழைத்து வர, செங்கோட்டை ஸ்டேஷனுக்கு வண்டியைத் தனியாக ஓட்டிக்கொண்டு போனேன். செங்கோட்டை திருவிதாங்கூர் ராஜ்யம். வழியில் பிரானூரில் வண்டிகளை நிறுத்திப் பார்க்கிற எல்லைச் சவுக்கை இருக்கும். குறுக்குக் கம்பைத் தூக்கிவிடுகிற காவலர் பிச்சுமணி என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் அதற்கு முன் அவரிடம் பேசியதில்லை.

“என்ன அண்ணாச்சி, இன்னைக்கு நீங்களே ஓட்டுதிய? டிரைவர் வரலையா?”

“நான்தான் டிரைவர்” என்றேன்.

“விளையாடாதிய. போன வாரத்துக்கு முந்தின புதன்கிழமை ராத்திரி, ஒண்ணே கால் மணிக்குப் பின்சீட்டுல தூங்கிட்டுப் போனியளே, நான் பாக்கலியா? அதுக்கு முந்தி ரெண்டு ராத்திரியும் வெறும் வண்டியாத்தான் போயிட்டு வந்துச்சு. அன்னைக்குத்தான் ஆள் இருந்துச்சு. யாருன்னு கேட்டேன். ‘பாவம், ஒத்தையில கிடந்தாரு, கூட்டிட்டுப் போறேன்’னாரு.”

எஞ்சினை அணைத்தேன்.

“ஓட்டினது... யாரு?”

“உங்களைப் பாத்துட்டு முன்னால வாரதுக்குள்ள என் விளக்கு அணைஞ்சு போச்சு அண்ணாச்சி. மூஞ்சியைப் பாக்கலை. ஆனா என்ன டியூனிங் அது! வண்டி வந்து நின்னதே தெரியலை. ஒரு பொட்டுச் சத்தம் இல்ல.”

அன்றைக்கு ரோட்டார் தென்காசியில், பாயின் சட்டைப்பையில் இருந்தது.

“திரும்பி... எப்ப வந்தோம்?”

“வண்டி மூணு மணிக்கு வந்துச்சு.”

பிச்சுமணி சிரிப்பை நிறுத்தினார். என்னை ஒருமாதிரி பார்த்தார்.

“ஆனா நீங்க அதுல இல்லையே? பின்சீட்டு வெறுமையாத்தான் இருந்துச்சு. ஆள் எங்கன்னு கேட்டேன். ‘விட்டுட்டு வாரேன். இனி அவரு ஒத்தையில கிடக்க மாட்டாரு’ன்னாரு. நீங்க எப்ப அண்ணாச்சி திரும்பி வந்திய? இந்த வழியா வரலையே...”

விருந்தாளிகளை எப்படி ஏற்றினேன், எப்படிக் கொண்டுவந்து சேர்த்தேன் என்று தெரியாது. ஷெட்டில் வண்டியை விட்டுவிட்டு அறை வாசலில் நின்றேன். உள்ளே ஆவுடைத்தாய் எனக்குச் சோறு போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஏன் வாசல்லயே நிக்கிய? உள்ள வாங்க” என்றாள்.

போனேன். எட்டு வருஷம் ஆகிறது. இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். இதை நான் அவளிடம் சொல்லவே இல்லை. அன்றைக்குப் பின்சீட்டில் போனவன் திரும்பி வரவில்லையாம். அப்படியானால் இத்தனை வருஷமாக அவள் யாருக்குச் சோறு போடுகிறாள் என்று எனக்கே தெரியவில்லை. அவளிடம் எதைச் சொல்ல?